படகில் ஆள் கிடையாது

அலாஸ்காவுக்குப் படகில் போய்வந்தோம் என்று சொன்னதும் தோழர்களிடமிருந்து இரண்டு கேள்விகள் வந்தன. ஒன்று, "திமிங்கலம் பார்த்தீங்களா?" இன்னொன்று, "நமக்கு இதெல்லாம் தேவையா?"

முதல் கேள்விக்குப் பதில் சுலபம். பார்த்தோம். பீட்டர்ஸ்பர்க் அருகே எஞ்சினை நிறுத்திவிட்டு மிதந்துகொண்டிருந்தபோது ஏழெட்டுத் திமிங்கலங்கள் சேர்ந்து வேட்டையாடின. தண்ணீருக்கடியில் வட்டமாக நீந்திக் குமிழி விட்டு, மீன்களை அந்தக் குமிழி வேலிக்குள் அடைத்து, எல்லாம் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தபடி மேலே வந்தன. அவை மூச்சு விட்ட நாற்றம் எங்கள் முகத்தில் அடித்தது. நாங்கள் இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு சின்னப் பிள்ளைகள் மாதிரி கத்தினோம்.

இரண்டாவது கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் இருவரில் ஒருவர் ஆதிதிராவிடர் நல விடுதியில் படித்தவர். பள்ளி நூலகத்தில் அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலப் பத்திரிகை கிடந்தது. அதில் ஒரு படம்: பனிமலை, கரும்பச்சைக் காடு, அதன் காலடியில் கறுப்புத் தண்ணீர், அதில் ஒரு சின்ன வெள்ளைப் படகு. படகில் இரண்டே பேர். விடுதியில் ஐம்பது பேருக்கு ஒரு குழாய். அதுவும் காலையில் ஒரு மணி நேரம்தான் வரும். வரிசையில் நின்றுகொண்டு அந்தப் படத்தை நினைத்துக்கொள்வது வழக்கமாகிவிட்டது. திருமணமான புதிதில் இந்தக் கதையைச் சொன்னபோது மற்றவர் சிரிக்கவில்லை. "போலாம்" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு இருபத்திரண்டு வருடம் ஆனது.

இடையில் இட ஒதுக்கீட்டில் கல்லூரி, வேலை, சியாட்டிலுக்கு மாற்றல், ஊருக்குப் பணம், தங்கைகளின் படிப்பு. முப்பத்தைந்து வயதுக்கு மேல்தான் நீச்சல் கற்றோம், இங்கே ஒரு பொது நீச்சல் குளத்தில், ஐந்து வயதுக் குழந்தைகளோடு. எங்கள் சேரியில் யாருக்கும் நீச்சல் தெரியாது. ஊர்க் கிணற்றில் இறங்க விடாதவர்களுக்கு நீச்சல் எங்கிருந்து வரும்? 1927 மார்ச் 20இல் மஹாட்டின் சவ்தார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடித்தார். மாடு குடிக்கலாம், நாய் குடிக்கலாம், நாம் குடிக்கக் கூடாது என்று வைத்திருந்த குளம் அது. தண்ணீருக்கும் நமக்கும் உள்ள உறவு அப்படிப்பட்டது. நாம் தண்ணீரில் சும்மா மிதப்பதேகூட ஓர் அரசியல்தான். பிறகு அதற்குத் தேவையா, தேவையில்லையா என்று யார் அளந்து சொல்வது?

எங்களைவிட மூத்த ஒரு பழைய படகை வாங்கினோம். 34 அடி நீளம், ஒரே டீசல் எஞ்சின், மணிக்கு ஏழு கடல்மைல். ஒரு நடுத்தரமான காரைவிட விலை குறைவு. ஆனால் பழுது பார்க்கவே மூன்று வருட வார இறுதிகள் போயின. 2024 மே மாத நடுவில் கிளம்பினோம். சியாட்டிலிலிருந்து ஜூனோ வரை சுமார் 900 கடல்மைல். வான்கூவர் தீவுக்கும் கனடாவின் பெருநிலத்துக்கும் நடுவே நுழைந்து, ஆயிரக்கணக்கான தீவுகளின் மறைவிலேயே வடக்கே போகும் இந்த வழியை 'உள் வழி' என்கிறார்கள். இரண்டு மூன்று இடங்களில்தான் திறந்த பெருங்கடல் வந்து மோதும். மற்றபடி இரு பக்கமும் மலை, நடுவில் நீர்ச்சந்து.

இங்கே கடலை ஓட்டுவது ஓதம். சென்னையில் மூன்று நான்கு அடி ஏறி இறங்கும் கடல், பிரின்ஸ் ரூபர்ட் பக்கம் இருபது அடிக்கு மேல் ஏறி இறங்குகிறது. அவ்வளவு தண்ணீரும் குறுகிய சந்துகள் வழியாக ஒரு நாளைக்கு நான்கு முறை போய்வர வேண்டும். கேம்பல் ரிவருக்கு வடக்கே சேமூர் நேரோஸ் என்ற சந்தில் நீரோட்டம் மணிக்கு பதினைந்து கடல்மைல் வரை போகும். எங்கள் படகின் வேகமோ ஏழு. ஆகவே ஓதம் திரும்பும் அந்தச் சில நிமிட அமைதிக்காகக் காத்திருந்து கடந்தோம்.

அந்தச் சந்தின் நடுவில் ஒரு காலத்தில் ரிப்பிள் ராக் என்ற பாறை இருந்தது. தண்ணீர் மட்டத்துக்குச் சில அடிகள் கீழே இருந்ததால் மேலே பார்த்தால் தெரியாது. பல கப்பல்களை உடைத்து, நூறுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. மேலிருந்து துளைபோட இரண்டு முறை முயன்று தோற்றார்கள். கடைசியில் பக்கத்துத் தீவிலிருந்து கடலடிக்கும் கீழே சுரங்கம் தோண்டி, பாறையின் வயிற்றுக்குள் புகுந்து, 1,200 டன்னுக்கு மேல் வெடிமருந்து நிரப்பி, 1958 ஏப்ரல் 5இல் அதைத் தகர்த்தார்கள். இந்தக் கதையைப் படித்தபோது எங்கள் இருவருக்கும் ஒரே எண்ணம் வந்தது. என்ன எண்ணம் என்று இதைப் படிக்கும் தோழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அடுத்து அலர்ட் பே. குவாக்குவாக்கவாக் மக்களின் சின்ன ஊர். இந்தக் கடலோரப் பழங்குடிகளின் பெருவிழா 'பாட்லாட்ச்'. பெயர் சூட்டு, திருமணம், சாவு என எல்லாவற்றுக்கும் ஊரைக் கூட்டி, ஆடிப் பாடி, வந்தவர்களுக்குப் பொருளை வாரிக் கொடுப்பார்கள். எவ்வளவு கொடுக்கிறாரோ அவ்வளவு மரியாதை. கனடா அரசு 1885 முதல் அதைத் தடைசெய்தது. 1921 டிசம்பரில் வில்லேஜ் தீவில் மறைவாக நடந்த ஒரு பாட்லாட்ச்சுக்காக 45 பேர் மீது வழக்குப் போட்டார்கள். முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைத்துவிட்டால் தண்டனை குறையும் என்று பேரம் பேசினார்கள். சுமார் இருபது பேர் சிறைக்குப் போனார்கள். பறித்த பொருள்கள் அருங்காட்சியகங்களுக்கும் தனியார் சேகரிப்புகளுக்கும் போயின. தடை 1951இல்தான் சட்டத்திலிருந்து நீங்கியது. தங்கள் பொருள்களைத் திரும்ப வாங்க அந்த மக்கள் பல வருடம் போராடினார்கள். அவற்றை வைப்பதற்கென்றே 1980இல் உமிஸ்தா பண்பாட்டு மையத்தைத் திறந்தார்கள். 'உமிஸ்தா' என்றால், பறிபோன முக்கியமான ஒன்று வீடு திரும்புவது.

அந்த முகமூடிகளுக்கு முன்னால் நின்றபோது பறைதான் நினைவுக்கு வந்தது. நமக்கு யாரும் பறையைத் தடை செய்யவில்லை. அடி என்று கட்டாயப்படுத்தினார்கள், அடித்தவனை இழிந்தவன் என்றார்கள். இரண்டும் ஒருவனுடைய கலையை அவனிடமிருந்து பிடுங்கும் வழிகள்தான். ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பழங்குடிச் சமூகங்களைச் சமத்துவச் சொர்க்கமாகக் காட்டும் பழக்கம் நம்மில் சிலருக்கு உண்டு. இந்தக் கடற்கரையிலும் மேல்குடி, கீழ்க்குடி, போரில் பிடிபட்ட அடிமைகள் எல்லாம் இருந்தார்கள். அதற்காக அவர்கள்மீது நடந்த கொடுமை குறைந்துவிடாது. அந்த ஊரில் 1929இல் கட்டிய உறைவிடப் பள்ளி 1974 வரை நடந்தது. பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தாய்மொழி பேசினால் தண்டித்த பள்ளி. 2015இல் அதை இடித்தபோது அங்கே படித்தவர்கள் வந்து நின்று பார்த்தார்களாம். இப்போது அந்த இடம் வெறும் புல்தரை.

பிரின்ஸ் ரூபர்ட் அருகே, ஸ்கீனா ஆற்றின் முகத்துவாரத்தில், 1889இல் தொடங்கிய ஒரு சால்மன் டப்பா ஆலையை அருங்காட்சியகமாக வைத்திருக்கிறார்கள். மரத்தூண்களின்மேல் நீளமாக ஒரு முழுக் கிராமம். வெள்ளை மேலாளர்களுக்கு ஒரு பக்கம் வர்ணமடித்த வீடுகள். சீனர்களுக்குத் தனிக் கொட்டகை. ஜப்பானியர்களுக்குத் தனி. பழங்குடிகளுக்குத் தனி. மீனின் தலையையும் குடலையும் நீக்கும் வேலை சீனர்களுடையது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்த வேலையைச் செய்ய ஒரு இயந்திரம் வந்தது. அதற்குச் சீனர்களை இழிவாகக் குறிக்கும் சொல்லையே பெயராக வைத்தார்கள். வேலைக்கும் மனிதனுக்கும் ஒரே பெயர் வைப்பது நமக்குப் புதிதா? ஜப்பானிய மீனவர்களிடம் இருந்த சுமார் 1,200 படகுகளை 1941 டிசம்பருக்குப் பிறகு கனடா அரசு பிடுங்கிக்கொண்டது. குடும்பங்களைக் கடற்கரையை விட்டே துரத்தியது. மன்னிப்புக் கேட்க 1988 ஆனது. எங்கள் படகை அந்த ஆலையின் அருகே கட்டிவைத்த இரவு, படகைப் பறிகொடுப்பது என்றால் என்ன என்று யோசித்துக்கொண்டே படுத்திருந்தோம்.

இனி தொட்டிக்கு வருவோம்.

படகுக் கழிப்பறையிலிருந்து போவதெல்லாம் அடித்தளத்தில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் சேரும். எங்கள் தொட்டி 40 கேலன். வாஷிங்டன் மாநிலத்தின் பியூஜெட் சவுண்டில் 2018 முதல் எந்தப் படகும் கழிவுநீரைக் கடலில் விடக் கூடாது. தொட்டி நிரம்பினால் துறையில் உள்ள பம்ப்-அவுட் நிலையத்துக்குப் போய், குழாயைப் படகின் பக்கத்திலுள்ள மூடியில் பொருத்தி, சுவிட்சைப் போட வேண்டும். உறிஞ்சி எடுத்துவிடும். பத்து நிமிட வேலை. பெரும்பாலும் அவரவரேதான் செய்துகொள்வார்கள். ஓய்வுபெற்ற நீதிபதியானாலும் இதய மருத்துவரானாலும் கையுறை மாட்டிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டியதுதான்.

எங்கள் அப்பா நகராட்சியில் துப்புரவுப் பணியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். சாக்கடைக்குள் இறங்கியிருக்கிறார். இடுப்பில் ஒரு கயிறு, வாயில் ஒரு பீடி, அவ்வளவுதான் பாதுகாப்பு. ஒருமுறை அவருக்கு முன்னால் இறங்கியவர் திரும்பி வரவில்லை. அந்த இரவு அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் திண்ணையில் உட்கார்ந்திருந்தது எங்களுக்கு நினைவிருக்கிறது. பிள்ளைகள் அந்த வேலையின் பக்கமே வரக் கூடாது என்பதற்காகத்தான் எங்களைப் படிக்க வைத்தார்.

கிரென்வில் சந்தில், எந்த ஊரும் இல்லாத இடத்தில், தொட்டிக்குப் போகும் குழாய் அடைத்துக்கொண்டது. கழற்றித்தான் ஆக வேண்டும். படகின் கையேட்டில் எச்சரிக்கை பெரிதாகப் போட்டிருந்தது: தொட்டியில் விஷவாயு இருக்கும், தலையை உள்ளே விடாதே, சன்னல் கதவுகளைத் திறந்துவை, தனியாகச் செய்யாதே. ஹைட்ரஜன் சல்ஃபைடு. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். பிறகு ஆளை வீழ்த்தும். அப்பாவோடு வேலை செய்தவரைக் கொன்றதும் இதே வாயுதான். 34 அடி உல்லாசப் படகுக்கு எழுதிவைத்த எச்சரிக்கையை நம் ஊரில் எந்த மேஸ்திரியும் எந்த ஒப்பந்தக்காரரும் யாருக்கும் படித்துக் காட்டியதில்லை.

முழங்கை வரை கையுறை, முகமூடி, கண்ணாடி. ஒருவர் கழற்றினோம், ஒருவர் வாளி பிடித்தோம். எங்களில் ஒருவர் வெளியே ஓடிப்போய் வாந்தி எடுத்தோம். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. சுடுதண்ணீரில் குளித்துவிட்டு, ரசம் வைத்துச் சாப்பிட்டோம். சாப்பிடும்போது இருவரும் பேசவில்லை. நாங்கள் தப்பித்து வந்துவிட்டதாக நினைத்த ஒன்றில் மறுபடி கை வைத்திருந்தோம். ஆனால் அது எங்களுடைய அசுத்தம். கழுவியதும் போய்விட்டது. அப்பாவின் கையில் இருந்தது ஊருடையது. அவர் எவ்வளவு கழுவியும் ஊர் அதைப் போக விடவில்லை. மலம் அள்ளுவது ஆன்மிக அனுபவம் என்று எழுதியவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு படகு வாங்கித் தரலாம்.

சில நாள் கழித்து ஒரு துறையில் எங்களுக்குப் பக்கத்தில் பெரிய படகு ஒன்று வந்து கட்டியது. தமிழ்க் குரல் கேட்டு ஓடினோம். அந்த வடகோடியில் தமிழ் கேட்டால் யாருக்குத்தான் இருப்புக்கொள்ளும்? அவர்களும் தம்பதிதான், எங்களைவிடப் பத்து வயது மூத்தவர்கள். அன்பாகக் கூப்பிட்டு ஃபில்டர் காபி கொடுத்தார்கள். அவ்வளவு நல்ல காபி குடித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பிறகு வழக்கமான விசாரணை தொடங்கியது.

"சொந்த ஊர் எது?"

சொன்னோம்.

"அங்க எங்க? கோயில் பக்கமா?"

"இல்ல சார், ஆத்துக்கு அந்தப் பக்கம்."

"அப்பா என்ன பண்ணிட்டிருந்தார்?"

"கவர்ன்மென்ட் வேலை."

எத்தனை வருடமாக இந்தப் பதிலை வைத்திருக்கிறோம்! பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. பேச்சு படகுப் பராமரிப்புக்குத் திரும்பியது. அவர் அலுத்துக்கொண்டார். "எல்லாம் நல்லாத்தான் இருக்கு. இந்த டேங்க் வேலைதான் கொடுமை. நம்மளே கை வைக்க வேண்டியிருக்கு பாருங்க. ஊர்ல இருந்தா ஒரு ஆளைக் கூப்பிட்டா வந்து செஞ்சுட்டுப் போவான்."

எங்களில் யார் சொன்னோம் என்பது முக்கியமில்லை. "அந்த ஆள் எங்க அப்பாதான் சார்" என்று சொன்னோம்.

ஸ்பூன் தட்டில் படும் சத்தம் கேட்டது. "ஐயோ, நான் அப்படிச் சொல்லல" என்றார். "தெரியும் சார்" என்றோம். அந்த அம்மா எழுந்து இன்னும் கொஞ்சம் காபி வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றோம். கொஞ்ச நேரம் வானிலை பற்றிப் பேசிவிட்டு எழுந்து வந்தோம்.

கடல் தாண்டினால் சாதி கெட்டுவிடும் என்று சாஸ்திரம் சொன்னது. கெடவில்லை. பாஸ்போர்ட், மிளகாய்ப் பொடி, ஃபில்டர் இவற்றோடு பத்திரமாக வந்து சேர்ந்தது. அதனால்தான் 2023 பிப்ரவரி 21இல் சியாட்டில் நகர மன்றம், உறுப்பினர் க்ஷமா சாவந்த் கொண்டுவந்த தீர்மானத்தின்படி, அமெரிக்க நகரங்களிலேயே முதலாவதாகச் சாதிப் பாகுபாட்டைச் சட்டத்தில் தடைசெய்தது. அதே வருடம் கலிபோர்னியா சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவை அந்த மாநில ஆளுநர் தடுத்துவிட்டார். "இங்க ஏது சாதி?" என்று கேட்பவர்கள் எங்களோடு அந்தக் காபிக்கு வந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலை பம்ப்-அவுட் வரிசையில் எங்களுக்கு முன்னால் அவர்தான் நின்றார். கையுறை மாட்டியிருந்தார். வேலை முடிந்ததும் குழாயின் முனையை நன்றாகத் தண்ணீர்விட்டுக் கழுவி எங்களிடம் நீட்டினார். அது எல்லாரும் செய்யும் மரியாதைதான். ஆனால் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் கழுவினார் என்று எங்களில் ஒருவர் சொல்கிறோம். இல்லை, வழக்கம்போலத்தான் என்று இன்னொருவர் சொல்கிறோம். இன்னும் அந்த வாதம் முடியவில்லை.

ஜூன் கடைசியில் ஜூனோ போய்ச் சேர்ந்தோம். இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். துறைமுகத்தை ஒட்டியுள்ள நூலகக் கட்டடச் சுவரில் ஒரு பெண்ணின் பெரிய ஓவியம். எலிசபெத் பெரட்ரோவிச், டிலிங்கிட் இனத்தவர். 1941இல் அவரும் கணவர் ராயும் இங்கே வந்தபோது, பழங்குடிகள் என்பதால் வீடு தர மறுத்தார்கள். எதிர்க்கரையில் ஒரு விடுதி வாசலில் பழங்குடிகளுக்கு அனுமதியில்லை என்று பலகை தொங்கியது. இருவரும் ஆளுநருக்குக் கடிதம் எழுதினார்கள். 1943இல் மசோதா தோற்றது. விடவில்லை. ஊர் ஊராகப் போய் ஆள் திரட்டினார்கள். 1945இல் மேலவையில் மறுபடி வந்தபோது, காட்டுமிராண்டித்தனத்திலிருந்து இப்போதுதான் வெளியே வந்தவர்கள் எங்களோடு சமமாக உட்காருவதா என்ற பொருளில் ஓர் உறுப்பினர் பேசினார். எலிசபெத் எழுந்து, அப்படிப்பட்ட நான்தான் ஐயாயிரம் வருட நாகரிகம் உள்ள கனவான்களுக்கு நம்முடைய உரிமைச் சாசனத்தை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னார். 11க்கு 5 என்று மசோதா நிறைவேறியது. பிப்ரவரி 16இல் ஆளுநர் கையெழுத்திட்டார். அந்த நாளை அலாஸ்கா இன்றும் அவர் பெயரில் கொண்டாடுகிறது.

அவர்களும் ஒரு தம்பதி. அவர்களுக்கும் வீடு கிடைக்கவில்லை. சென்னையில் வீடு தேடி அலைந்தபோது, "சைவம்தானே?" என்று கேட்டவர்களின் கதவுகள் எங்களுக்கு வரிசையாக நினைவுக்கு வந்தன. அந்தச் சுவரின் முன்னால் நெடுநேரம் நின்றோம்.

நமக்கு இதெல்லாம் தேவையா என்று கேட்ட தோழர்களே, எங்களுக்கு அந்தக் கேள்வியின் நியாயம் புரிகிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்க நம் நாட்டில் 1993இல் ஒரு சட்டம், 2013இல் இன்னொரு சட்டம். சாக்கடையில் இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது, 2023இல் அதை 30 லட்சம் ஆக்கியது. தொகை ஏறுகிறது, சாவு நிற்கவில்லை. வேங்கைவயலில் 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். இப்படியிருக்கும்போது படகு விடுவது கூசத்தான் செய்கிறது. ஆனாலும் போனதற்காக வருந்தவில்லை. துக்கத்தை மட்டும் நமக்கு ஒதுக்கிவிட்டு, மலையையும் கடலையும் திமிங்கலத்தையும் அவர்களுக்கே எழுதிவைத்துவிட வேண்டுமா? நம் பிள்ளைகள் விடுதி நூலகத்தில் பார்க்கும் படத்தில் இருக்கும் அந்த இரண்டு பேர் நாமாகவும் இருக்கலாம்.

நாங்கள் கையோடு கொண்டுவந்த கேள்வி ஒன்று உண்டு. ஒரு சின்னப் படகுக்கே, மனிதன் தலையை விடாமல் உறிஞ்சி எடுக்க ஒரு குழாயும், எச்சரிக்க ஒரு கையேடும் இருக்கின்றன. லட்சக்கணக்கானோர் வாழும் ஊர்களுக்கு ஏன் இல்லை? பணம் இல்லாததாலா? 'கூப்பிட்டா வர்ற ஆள்' இருப்பதாலா?

ஜூனோவிலிருந்து அப்பாவுக்கு வீடியோவில் பேசினோம். பனிமலையைக் காட்டினோம், படகைச் சுற்றிக் காட்டினோம். அடுப்பு, படுக்கை, கழிப்பறை. அங்கே நிறுத்தச் சொன்னார்.

"ஏம்ப்பா, இதெல்லாம் யாரு கழுவுறது?"

"நாங்கதான்பா."

"பக்கத்துப் படகுல?"

"அவங்கவங்கதான்."

"வெள்ளைக்காரனுமா?"

"எல்லாருந்தான்பா. ஆள் கிடையாது."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு சிரித்தார். "மூக்கை மூடிக்கிட்டுச் செய்யாதீங்க. காத்து வர்ற பக்கமா நின்னு செய்யணும். யாராச்சும் ஒருத்தர் வெளிய நில்லுங்க" என்றார். நாற்பது வருட அனுபவம். கையேட்டில் எழுதியிருந்ததும் அதுதான்.

ஜெய்பீம்.